ஏகாம்பரத்தின் ஜீப்பில் எதை முதலில் பார்ப்பது?

பழைய வண்டி வாங்கியவன் மெக்கானிக்கிடம் வரும்போது வண்டியை மட்டும் கொண்டுவருவதில்லை; மாமன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரன் என்று ஆளுக்கொரு யோசனையையும் அதில் ஏற்றிக்கொண்டுதான் வருவான்.

எழுபதுகளில் திருத்தணியில் ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வேப்பமரம், ஒரு தகரக் கொட்டகை, வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்ய ஒரு பள்ளம், அவ்வளவுதான். என் பெயர் யாக்கோபு. ஊருக்கு யாக்கோபு மேஸ்திரி. அப்பா சர்ச்சில் மணி அடிக்கிறவர். மகன் நானோ, முருகன் மலையில் ஏறி இறங்கும் வண்டிகளுக்கு எண்ணெய் போட்டுப் பிழைக்கிறவன். வீட்டில் இதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

எத்தனையோ வண்டிகளுக்கு அடியில் படுத்தாயிற்று. ஆனால் அம்மையார்குப்பம் ஏகாம்பரத்தின் ஜீப் மாதிரி என் பிராணனை வாங்கிய வண்டி இன்னொன்று கிடையாது. பழைய வண்டி வாங்கி விழி பிதுங்கி நிற்கும் அன்பர்களே, உங்களுக்காகத்தான் அதைச் சொல்கிறேன். நடுவில் எங்காவது உங்கள் வீட்டு வாசனை அடித்தால் என் மேல் கோபப்படாதீர்கள்.

மாடு இழுத்து வந்த ஜீப்

ஒரு நாள் காலை கொட்டகை வாசலில் மாட்டு மணிச் சத்தம். எட்டிப் பார்த்தால், ஒரு ஜோடி மாடு ஒரு ஜீப்பை இழுத்துக்கொண்டு வருகிறது. ஜீப்பின் மூக்கு முழுக்க வைக்கோல். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ஏகாம்பரம், கல்யாண ஊர்வலத்தில் வருகிற மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். பவர்லூம் தறி வைத்து லுங்கி நெய்கிற மனிதர். மெட்ராஸில் மிலிட்டரி ஏலத்தில் ஜீப்பை எடுத்திருக்கிறார். எடுத்த கையோடு ஓட்டிக்கொண்டும் கிளம்பிவிட்டார். கனகம்மாசத்திரத்தில் டீ குடிக்கலாம் என்று நினைத்திருக்கிறார். நினைத்தது அவர்தான், ஜீப் நினைக்கவில்லை. டீக்கடையைத் தாண்டி, ஒரு எருமையைத் தாண்டி, யாருடைய களத்திலோ இருந்த வைக்கோல் போரில் போய் முட்டி நின்றிருக்கிறது. முட்டிய முட்டலில் இன்ஜினும் மூச்சை விட்டுவிட்டது. அந்த வைக்கோல்காரரின் மாடுதான் இது.

இறங்கியதும் மனிதர் சொன்னது, ஹாரன் அடிக்கவில்லை, முதலில் அதைப் பாருங்கள் என்று. எனக்கு வந்ததே கோபம். நிற்காத வண்டிக்கு ஹாரன் எதற்கு, சங்கு ஊதவா என்று கேட்டேன். அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. தோளில் இருந்த வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டு, எனக்குப் புரிய வேண்டுமே என்று நிதானமாகச் சொன்னார்:

"ஹாரன் இருந்தா எதிர்ல வர்றவன் ஒதுங்கிக்குவான் மேஸ்திரி, நாம எதுக்கு நிக்கணும்?"

லுங்கி ஏற்ற வாங்கவில்லை

லுங்கிக் கட்டு ஏற்றத்தான் வாங்கியிருக்கிறார் என்று நினைத்து, இதற்கு ஒரு கட்டை வண்டி போதாதா என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். மறுநாள் அவருடைய மனைவி கன்னியம்மா பஸ் ஏறி வந்தார். குரலே பெரிய குரல். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

திட்டவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். ஒரே மகள், குமாரி. பள்ளிப்பட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தபோது, கடைசி பஸ் போன பிறகு வலி எடுத்துவிட்டது. கட்டை வண்டி பூட்டிக்கொண்டு திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். வந்து சேருவதற்குள் குழந்தை போய்விட்டது. இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள், ஆவணியில் பிரசவம். அதற்காகத்தான் ஜீப். சொல்லும்போது அந்தம்மா அழவில்லை. முந்தின நாள் பேசியதற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எழுந்து புடவையை உதறிக்கொண்டு போகும்போது சொன்னார்:

"போன வாட்டி மாட்ட நம்பிப் போனோம் மேஸ்திரி, இந்த வாட்டி உன்ன நம்பிகினு இருக்கறோம்."

என் வரிசையும் மச்சான் வரிசையும்

பழைய வண்டியில் எதை முதலில் பார்ப்பது என்பதற்கு எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நிற்க வேண்டும், அதற்குப் பிறகு திரும்ப வேண்டும், அதற்கும் பிறகு கிளம்பினால் போதும். அதாவது பிரேக், ஸ்டீயரிங், அப்புறம் செல்ஃப் மோட்டார். கூரை, பெயிண்ட், சீட்டு எல்லாம் கடைசி. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் கன்னியம்மாவின் தம்பி லோகநாதன் வந்து சேர்ந்தான். நகரிக்காரன், அக்கா புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவான். கொஞ்ச காலம் லாரியில் கிளீனராக இருந்தவன் என்பதால் குடும்பத்தில் வண்டி விஷயத்துக்கு அவன்தான் சுப்ரீம் கோர்ட்டு. வண்டியைச் சுற்றி வந்து டயரை ஒரு உதை விட்டான். எல்லாம் நன்றாக இருக்கிறது பாவா, கலர்தான் சரியில்லை, இந்தப் பச்சை யுத்தத்துக்குப் போன கலர், வீட்டுக்கு ஆகாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

ஒரு நாள் குமாரியும் வந்தாள். பிள்ளைத்தாச்சி, மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஏறி அந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். ஏதோ குத்துகிறது என்றாள். சீட்டெல்லாம் கடைசியம்மா என்று நான் சொன்னேன். ஆமாம், அது கடைசி என்றார் ஏகாம்பரம். லோகநாதனும் தலையை ஆட்டினான். நாங்கள் மூன்று பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

பிரேக்குக்கு ரப்பர் சாமான் வாங்க நான் மெட்ராஸ் போய்விட்டுத் திரும்பினேன். கொட்டகையில் ஜீப் மஞ்சளாக நிற்கிறது. சாதாரண மஞ்சள் இல்லை, மஞ்சத்தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டின மஞ்சள். பானெட், கதவு, ரிம், ரேடியேட்டர் மூடி, பிரேக் ஆயில் மூடி, முன்கண்ணாடியில் பாதி, எதையும் விடவில்லை. பானெட் மேல் வைத்துவிட்டுப் போன என் சாமான் பெட்டியும் மஞ்சள். நான் கத்திய கத்தலில் வேப்பமரத்துக் காக்காய்கள் பறந்தன. லோகநாதன் பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான்:

"எதுக்கு மேஸ்திரி கோச்சிக்கிறீங்க, உங்க பொட்டியும் இப்ப புதுசாயிடுச்சில்ல?"

கால் கழுவிவிட்டுப் போங்கள்

சரி, பிரேக்கில் கை வைக்கலாம் என்று ஜாக்கியைத் தூக்கினால், கன்னியம்மா வந்து குறுக்கே நிற்கிறார். மலைக்குப் போய்ப் பூஜை போடாமல் வண்டியில் ஸ்பேனர் வைக்கக்கூடாதாம். அப்போ பெயிண்ட் மட்டும் அடிக்கலாமா என்று கேட்டேன். அது மஞ்சள் பூசுவது மாதிரி, தோஷமில்லை என்றார். எங்கள் பக்கம் இது ஒரு பெரிய பாடு. புதிதாக வாங்கிய வண்டி, அது எத்தனை பேர் கை மாறி வந்திருந்தாலும் சரி, முதலில் மலை ஏற வேண்டும். எலுமிச்சம்பழம் நசுங்க வேண்டும், பூசணிக்காய் உடைய வேண்டும். அதற்கப்புறம்தான் மெக்கானிக். பிரேக் இல்லாத வண்டி மலை ஏறினால் எப்படி இறங்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. யோசித்தால் அதற்கும் முருகன்தான் பதில்.

நான் தலைகீழாக நின்றும் அந்தம்மா இறங்கி வரவில்லை. கடைசியில் ஒரு யோசனை வந்தது. கோயிலுக்குப் போகிறவர்கள் கால் கழுவாமல் போவார்களா என்று கேட்டேன். போகமாட்டார்கள் என்றார். வண்டிக்குக் கால் எது, சக்கரம்தானே, அதைக் கழற்றிக் கழுவத்தான் நான் கேட்கிறேன், ரிப்பேர் எல்லாம் பூஜைக்கு அப்புறம் என்றேன். ஆங், கழுவு என்று சொல்லிவிட்டு என்ன செய்கிறேன் என்று பார்க்க அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

சக்கரத்தை எடுத்து, உள்ளே பிரேக் டிரம்மைக் கழற்றினேன். மிலிட்டரியில் இதை வைத்திருந்த புண்ணியவான், ஆயில் ஒழுகிய சக்கரங்களை எல்லாம் சரி செய்யாமல், பிரேக் பைப்பைச் சுத்தியால் தட்டி நசுக்கி அடைத்து வைத்திருக்கிறான். ஒரே ஒரு சக்கரத்துக்குத்தான் பிரேக், அதிலும் பாதி. உள்ளே ஆயிலும் மண்ணும் குழைந்து கறுப்புச் சேறு. வழித்து வழித்துக் கீழே போட்டேன். கன்னியம்மா அந்தக் குவியலைக் குனிந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்:

"இம்மாம் அழுக்குக் காலோட கோயிலுக்குப் போவ இருந்தோமே, முருகா."

வேலுக்கு நட்டு

கால் கழுவுகிற சாக்கிலேயே பிரேக்கையும் முடித்து, வைக்கோல் போரில் நின்றுபோன இன்ஜினையும் கிளப்பிவிட்டேன். முடிந்ததும் அந்தம்மா முந்தானையிலிருந்து ஒரு பித்தளை வேலை எடுத்து நீட்டினார். முழ நீளம் இருக்கும். பானெட் மேல் நிற்க வைக்க வேண்டுமாம். பித்தளையை இரும்போடு வெல்டிங் வைக்க முடியாது, ஓட்டை போட்டு நட்டு வைத்துத்தான் முடுக்க வேண்டும். ரோட்டில் போகிற ஆள் மேல் பட்டால் குத்திவிடும் என்று சொல்லி, அதன் முனையை மட்டும் அரத்தால் கொஞ்சம் மழுக்கினேன். லோகநாதன் அக்காவின் காதில் ஏதோ முணுமுணுத்தான். மேஸ்திரி வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர் ஆச்சே, அவர் கையால் வேல் வைக்கலாமா என்று. மெதுவாகப் பேசுவதாக அவனுக்கு நினைப்பு. கன்னியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை:

"யாரு முடுக்கனாங்கன்னு முருகன் கேக்கமாட்டாரு, கழண்டு வுழுந்தா தான்டா கேப்பாரு."

மலையிலிருந்து இறங்கியது

ஒரு செவ்வாய்க்கிழமை மலை ஏறினோம். லோகநாதன் ஓட்டினான். பிரேக் மேல் எனக்கிருந்த நம்பிக்கை அவன் மேல் இல்லாததால் பக்கத்தில் நான், பின்னால் ஏகாம்பரமும் கன்னியம்மாவும். மேலே மாலை, சந்தனம், சூடம், எலுமிச்சம்பழம், பூசணிக்காய், ஒன்றும் குறைவில்லை. எல்லாம் முடிந்து கிளம்பலாம் என்றால் செல்ஃப் மோட்டார் செத்துக் கிடக்கிறது. அது என் வரிசையில் இன்னும் வரவில்லை. நாலு மொட்டைத்தலை பக்தர்கள் தள்ளிவிட்டார்கள், கிளம்பியது.

இறக்கத்தில் ஒரு வளைவு. திரும்பினால் நடு ரோட்டில் ஒரு பஸ் மூச்சிரைத்துக்கொண்டு நிற்கிறது. லோகநாதனுக்கு எதை மிதிப்பது என்று புரியவில்லை. நான் போட்ட சத்தத்தில் பிரேக்கை மிதித்துவிட்டான். நாலு சக்கரமும் அறைந்த மாதிரி நின்றது. பின்னால் இருந்தவர்கள் முன்னால் வந்து விழுந்தார்கள், பூசணிக்காய்க்குப் போட்டு மிஞ்சின குங்குமம் எல்லார் முகத்திலும். எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. மெட்ராஸ் போய் வாங்கிய ரப்பர், நகம் கறுத்துப்போக மாட்டிய பைப்பு, எல்லாம் பலித்துவிட்டது. யாராவது ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். லோகநாதன் கையெடுத்து மலையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்:

"பாத்தியா பாவா, முருகன் எப்டி பிரேக் புடிச்சாருன்னு."

ஆடிக் கிருத்திகை

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் கடை வைக்கிறவர்கள் என் கொட்டகை வாசலையும் விட்டுவைப்பதில்லை. வாசலில் வளையல் கடை, உள்ளே எந்த வண்டியும் வர வழியில்லை. அதனால் அன்றைக்கு அம்மையார்குப்பத்துக்குப் போய் ஜீப்பின் செல்ஃப் மோட்டாரைப் பார்த்துவிடலாம் என்று போயிருந்தேன். கழற்றிக் கோணிப்பை மேல் பிரித்துப் போட்டிருக்கிறேன், உள்ளேயிருந்து கன்னியம்மா குரல். ஆவணி என்று சொல்லியிருந்தார்களே, குமாரிக்கு அன்றைக்கே வலி எடுத்துவிட்டது. லோகநாதன் காலையிலேயே காவடி எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டான். ஏகாம்பரத்துக்குக் கைகால் ஓடவில்லை. மோட்டார் கிடக்கட்டும், முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றுங்கள் என்று சொல்லிவிட்டு நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தேன். பெண்ணைப் பின் பெஞ்சில் படுக்க வைத்தார்கள், தலை அம்மா மடியில். ஏகாம்பரம் சுற்றிய சுற்றலில் இன்ஜின் பயந்து போய்க் கிளம்பியது.

ஊர் எல்லை வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. அதற்கப்புறம் ரோடே கிடையாது, தலைதான். மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை, பூக்காவடி, பம்பை, உடுக்கை. ஜீப் எறும்பு மாதிரி ஊர்கிறது. இன்ஜின் நின்றால் தீர்ந்தது, இறங்கி ஹேண்டில் போட இடமில்லை. ஏகாம்பரம் பக்கத்தில் உட்கார்ந்து, நான் அப்புறம் சரி பண்ணிக் கொடுத்திருந்த ஹாரனை விடாமல் அமுக்குகிறார். பம்பைச் சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை. அவர் பாவமாக என்னைப் பார்த்தார். ஹாரன் பற்றிச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது, அடக்கிக்கொண்டேன். பின்னால் குமாரியின் முனகல் பெரிதாகிக்கொண்டே வந்தது. எனக்கு அந்தக் கட்டை வண்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. மெக்கானிக்கை நம்பி வந்ததும் இப்படி நடுரோட்டில் முடிந்துவிடுமோ என்று பயந்துபோனேன்.

அப்போது விசில் வைத்துக்கொண்டு கூட்டத்தை ஒழுங்கு பண்ணிய ஒருத்தர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். மஞ்சள் வண்டி. பானெட் மேல் வேல். வேலுக்குக் காலையில் கன்னியம்மா போட்ட புது மாலை. மலையிலிருந்து வந்த சாமி வண்டி என்று நினைத்துவிட்டார். விசிலை ஊதி, சாமி வண்டி வழி விடுங்கோ என்று முன்னால் ஓட ஆரம்பித்தார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. கன்னியம்மா சட்டென்று புரிந்துகொண்டு தலையை வெளியே நீட்டி அரோகரா போட்டார். ஏகாம்பரமும் போட்டார். எங்கப்பா மன்னிக்கட்டும், நானும் போட்டேன். பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வந்தவர்கள் சூடு தாங்காமல் கையை உதறினார்கள். யாரோ ஒரு பிடி விபூதியை என் நெற்றியில் அப்பினார்கள், பாதி கண்ணுக்குள். அந்தக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன், ஒரு மனிதர் ஜீப்புக்கு நேர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடுகிறார். மிதித்தேன். நாலு சக்கரமும் பிடித்தது. டயருக்கும் அவர் தலைக்கும் நடுவே ஒரு சாண்தான். அவர் எழுந்து, வேலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். இன்ஜின் நிற்கவில்லை. பின்னாலிருந்து குமாரி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"அரோகராவ அப்பால போடுங்க, மொதல்ல வண்டிய வுடுங்க."

ஆஸ்பத்திரியில்

நேரத்துக்குச் சேர்த்துவிட்டோம். வாசலில் ஏகாம்பரமும் நானும் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. அது எங்கள் குழந்தைதானா என்று தெரியாமல் இரண்டு பேரும் எழுந்து நின்றோம். கன்னியம்மா வெளியே வந்து, பெண் குழந்தை, ரெண்டும் நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டு, அன்றைக்குத்தான் முதல் தடவையாக உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். கண்ணில் விபூதி என்று யாரிடமும் சாக்குச் சொல்லவில்லை.

அழுது முடிந்ததும் சண்டை ஆரம்பித்தது. சேதி கேட்டுக் காவடியை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்த லோகநாதன், எல்லாம் நான் அடித்த மஞ்சளால்தான் என்றான். கன்னியம்மா, வேல் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்றார். கீழே விழுந்து கும்பிட்டவனைக் காப்பாற்றியது யார், வேலா பிரேக்கா என்று நான் கேட்டேன். ஏகாம்பரம் ஹாரனைப் பற்றி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூன்று பேரும் சேர்ந்து அவரை அடக்கினோம். ஆயா வந்து விரட்டியும் ஓயாமல், குழந்தையைப் பார்க்க உள்ளே போன இடத்திலும் தொடர்ந்தோம். குமாரி குழந்தையை அணைத்துக்கொண்டு, வெளுத்துப்போன முகத்தோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். நாங்கள் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் அப்பாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்:

"வேலு வழி வுட வெச்சுது, பிரேக்கு அந்தாள காப்பாத்துச்சு, எல்லாம் சரி நைனா. வூட்லர்ந்து இங்க வர்ற வரிக்கும் அந்தப் பெஞ்சி ஆணி என் முதுவுல குத்திகினே வந்துச்சே, அத எப்ப பாப்பீங்க?"

ஆகவே அன்பர்களே, பழைய வண்டி வாங்கினால் முதலில் பிரேக்கைப் பாருங்கள் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன், ஆனால் அந்த வண்டியை யாருக்காக வாங்கினீர்களோ அவரை அதற்கும் முன்னால் பின்சீட்டில் உட்காரவைத்து, அவர் சொல்லி முடிக்கும் வரை உங்கள் மெக்கானிக்கின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.